தட்டுல தண்ணி, நடுவுல வறட்சி: ஒரு தொட்டி அத்தி மரம் 43 பிஞ்சை உதிர்த்த கதை

ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டுல 43 அத்திப் பிஞ்சு கெடந்துச்சு. சிலது கோலிக்குண்டு சைஸ், சிலது பாதி எலுமிச்சை அளவு, எல்லாமே மஞ்சளாகி தோல் சுருங்கி வெம்பிப் போனது. ஒரே மரம், ஒரே சீசன், ஆறு வாரத்துக்குள்ள விழுந்தது. மரத்துல புடிச்சது மொத்தம் 46, அதுல கடைசி வரைக்கும் நின்னது 3. இவ்ளோ கரெக்டா எப்படி சொல்றேன்னா ஒவ்வொரு பிஞ்சு வந்தப்பவும் அந்தக் கணுவுல ஒரு சிவப்பு நூல் கட்டி நோட்டுல தேதி எழுதி வச்சேன். வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க, பரவால்ல, கடைசில அந்த நோட்டு இல்லன்னா நான் இன்னும் தப்பான வைத்தியமே பாத்துட்டு இருந்திருப்பேன்.

முதல்ல பேர் குழப்பத்தை தீர்த்துடுறேன். தமிழ்ல அத்தின்னா ரெண்டு மரம் ஞாபகம் வரும். அடிமரத்துலயே கொத்துக் கொத்தா காய்க்குற நாட்டு அத்தி ஒண்ணு, அது பெரிய மரம், தொட்டிக்கெல்லாம் ஆகாது. நான் சொல்றது சீமை அத்தி, ஃபைகஸ் காரிகா, விரல் விரிச்ச கை மாதிரி மடல் மடலா இலை இருக்குமே அது, காயவச்சு விக்கிற அத்திப்பழம் இந்த மரத்துல இருந்துதான் வருது. 

மரத்தோட ஜாதகம்

கன்னு வாங்கும்போது முழங்கால் உயரம், தண்டு பென்சில் தடிமன். லேபிள் இல்ல. வித்தவர் "பிரவுன் டர்க்கியா இருக்கும் சார்"னு (அது ஒரு அத்தி வகையோட பேரு) சொன்னாரு, "இருக்கும்"ங்கற வார்த்தைய நான் அப்ப கவனிக்கல, பின்னாடி அந்த ஒரு வார்த்தை என்ன பாடு படுத்துச்சுன்னு சொல்றேன்.

நேரா 40 லிட்டர் தொட்டில வச்சேன். மண் ஒரு பங்கு, மக்குன தொழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல ரெண்டு பங்கு மக்கிச் சுருங்குற சமாச்சாரம், கல்லு மணல்னு கெட்டியா நிக்கிற ஐட்டம் ஒண்ணு கூட இல்ல. இதோட விளைவு ரெண்டு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. வெயில் மட்டும் குறையே இல்ல, ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் நேர் வெயில், அத்திக்கு அது வேணும், நிழல்ல வச்சா இலை மட்டும்தான் வரும்.

முதல் வருஷம் சும்மா வளந்துச்சு, அதைப்பத்தி சொல்ல ஒண்ணுமில்ல. ரெண்டாவது வருஷம் காடு. சாப்பாட்டுத் தட்டு சைஸ்ல இலை, கணுவுக்கு கணு ஒரு ஜாண் இடைவெளி, பாக்குறவங்க எல்லாம் "என்னமா வளத்திருக்கீங்க"ன்னு பாராட்டுறாங்க, காய் மட்டும் ஒண்ணு கூட இல்ல. காரணம் நான்தான், 15 நாளைக்கு ஒருக்கா தழைச்சத்து ஜாஸ்தியா இருக்குற உரத்தை கரைச்சு கரைச்சு ஊத்திட்டு இருந்தேன். நல்ல சாப்பாடு கெடைக்குறப்ப இந்த மரம் இலையும் கிளையும் விடுமே தவிர காய் பத்தி யோசிக்காது. உரத்தை நிறுத்திட்டு கிளை நுனிய கிள்ள ஆரம்பிச்சேன், ஒரு புதுக்கிளைல அஞ்சாறு இலை வந்ததும் நுனிய கிள்ளிடணும், அவ்ளோதான். கிட்டக்க போய் பாத்தீங்கன்னா இலைக்காம்பு சேர்ற எடத்துல பக்கத்துல பக்கத்துல ரெண்டு மொட்டு இருக்கும், கூர்மையா இருக்குறது கிளையாகும், உருண்டையா இருக்குறது காயாகும். நுனி வளர்ச்சி நின்னா அந்த உருண்டை மொட்டுக்கு யோகம்.

மூணாவது வருஷம் அந்த யோகம் அடிச்சுது. 46 பிஞ்சு. அப்புறம்தான் அந்தத் தட்டு.

யார் மேல சந்தேகம்

பிஞ்சு உதிருதுன்னு யார்கிட்ட கேட்டாலும் ஆளுக்கு ஒரு பதில் ரெடியா வச்சிருக்காங்க. நானும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். 

முதல் சந்தேகம் குளவி. இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா லேபிள் இல்லாத அத்தி வச்சிருக்குற எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. அத்தி பூத்த மாதிரின்னு பழமொழி இருக்கே, உண்மைல அத்தி நல்லாவே பூக்கும், பூ எல்லாம் காய்க்குள்ள இருக்கு. நாம காய்னு சொல்றது ஒரு பைய உள்பக்கமா திருப்பிப்போட்டு அதுக்குள்ள நூத்துக்கணக்குல குட்டிப் பூ வச்ச மாதிரி ஒரு அமைப்பு, வெளி உலகத்துக்கு இருக்குற ஒரே வழி அடில இருக்குற சின்னக் கண்ணு. அதுக்குள்ள நுழைஞ்சு மகரந்தம் சேக்குறதுக்குன்னே ஒரு குட்டிக் குளவி இருக்கு, பிளாஸ்டோஃபேகா சீனஸ்னு பேரு. சீமை அத்திலயே வகைகள் பிரியுறது இந்த எடத்துலதான். பொதுவா வீட்ல வைக்கிற பிரவுன் டர்க்கி, பிளாக் மிஷன் மாதிரி வகைக்கு குளவியே வேண்டாம், மகரந்தம் சேராமலே பழுக்கும். ஸ்மிர்னா வகைக்கு குளவி கட்டாயம், இல்லன்னா காய் கோலிக்குண்டு சைஸ் வந்து அப்படியே கொட்டிடும். சான் பெட்ரோன்னு ஒரு நடுவாந்திர வகை, போன வருஷக் கிளைல வர்ற முதல் காய்ப்பு குளவி இல்லாம பழுக்கும், புதுக்கிளைல வர்ற ரெண்டாவது காய்ப்புக்கு குளவி வேணும்.

இதுல மாட்டினது நான் மட்டும் இல்ல. 1880கள்ல கலிஃபோர்னியாவுல ஸ்மிர்னா மரங்களைக் கொண்டுபோய் நட்டாங்க, மரம் ஜம்முனு வளந்துச்சு, காய் மட்டும் நிக்கவே இல்ல. ஃப்ரெஸ்னோவுல ஜார்ஜ் ரோடிங்னு ஒருத்தர் கையால மகரந்தம் சேத்துப் பாத்து காய் பழுக்குதுன்னு காட்டினார். அதுக்கப்புறம் ஆண் அத்தி மரத்தோட சேத்து குளவியையும் கொண்டுவந்து 1899ல அது அங்க நிலைச்சப்புறம்தான் நிம்மதி. அந்தப் பழத்துக்கு வச்ச பேருதான் கேலிமிர்னா, கலிஃபோர்னியாவையும் ஸ்மிர்னாவையும் ஒட்டுப்போட்ட பேரு. கிட்டத்தட்ட இருபது வருஷம் காத்திருந்திருக்காங்க, நான் ஆறு வாரத்துக்கே ஒப்பாரி வைக்கிறேன்.

சரி, என் மரம் ஸ்மிர்னாவா? இங்கதான் நூல் கட்டின நோட்டு உதவுச்சு. குளவி இல்லாம உதிர்றதா இருந்தா எல்லாக் காயும் கிட்டத்தட்ட ஒரே வயசுல ஒரே சைஸ்ல விழணும், ஒண்ணு விடாம விழணும். என்கிட்ட கோலிக்குண்டும் விழுந்துச்சு பாதி எலுமிச்சையும் விழுந்துச்சு, அதைவிட முக்கியமா 3 நின்னு பழுத்துச்சு, மூணுமே புதுக்கிளைல வந்த காய், அதனால சான் பெட்ரோவும் இல்ல. அந்தப் பழத்தை வெட்டி விதைய தண்ணில போட்டேன், எல்லாம் மிதந்துச்சு, அதாவது உள்ள பருப்பு இல்லாத வெத்து விதை, மகரந்தம் சேராமத்தான் பழுத்திருக்கு. குளவி கேஸ் அதோட குளோஸ். (பழத்துக்குள்ள செத்த குளவி இருக்குமான்னு கேக்குறவங்களுக்கு: குளவி வேண்டாத வகைல, குளவி இல்லாத எடத்துல, அது எப்படி வரும்? நிம்மதியா சாப்பிடுங்க.)

இதுல ஒரு கிளைக்கதை. விதைல இருந்து அத்தி வளக்காதீங்க, பாதி ஆண் மரமா வரும், மீதி எந்த வகைன்னு காய்க்குற வரைக்கும் தெரியாது. குளவி இல்லாம பழுக்குற மரத்தை அப்படியே எடுக்கணும்னா போத்து (ஒடிச்சு நடுற கிளைத்துண்டு), இல்லன்னா பதியன்தான் வழி. ஜோர்டான் பள்ளத்தாக்குல கில்கால்ங்கற எடத்துல 11,000 வருஷத்துக்கு முந்தின கருகிப்போன அத்திப்பழங்கள் ஒம்போது கெடைச்சுது, அது மகரந்தம் சேராத வகை, அப்பவே மனுஷன் போத்து ஒடிச்சு நட்டிருக்கான்னு 2006ல ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க, இல்லன்னு மறுத்தவங்களும் உண்டு. எப்படியோ, போத்து ஒடிச்சு நடுறது பழைய பழக்கம்தான்.

ரெண்டாவது சந்தேகம் மொசைக் வைரஸ். இலைல திட்டுத் திட்டா வெளிர் மஞ்சள், இலை கோணல், இப்படித்தான் வரும், ஒரு நுண்ணிய சிலந்திப்பேன் பரப்பும், போத்து வழியாவும் போகும், மருந்து கெடையாது. என் இலைல இருந்த மஞ்சள் வேற, அடி இலைங்க முழுசா ஒரே சீரா மஞ்சளாகி விழுந்துச்சு. அதுனால இதுவும் இல்ல.

மூணாவதுதான் என்னை குழியில தள்ளுனது: தண்ணி ஜாஸ்தி. அடி இலை மஞ்சளா, தண்ணி அதிகம்னு அர்த்தம், குறைச்சிடுங்கன்னு தோட்டம் போடுற ஒருத்தர் அடிச்சு சொன்னாரு. விரலை விட்டுப் பாத்தேன், மேல ரெண்டு அங்குலம் ஈரம். தொட்டிக்கு கீழ தட்டுல எப்பவும் தண்ணி. சரி ஆமா, அதிகம்தான் போலன்னு தினமும் ஊத்துனத ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். அந்த வாரம் மட்டும் 14 பிஞ்சு.

நோட்டு சொன்னது

உதிர்ந்த தேதியெல்லாம் வரிசையா எழுதிப் பாத்தப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா விழல, கும்பல் கும்பலா விழுந்திருக்கு. ஒரு கும்பல், அஞ்சாறு நாள் அமைதி, மறுபடி ஒரு கும்பல். ஒவ்வொரு கும்பலுக்கும் மூணு நாலு நாள் முன்னாடி வெயிலோட காத்தும் சேந்து அடிச்ச நாள் இருந்துச்சு. அத்தி இலை பெருசு, காத்தடிச்சா தண்ணிய உறிஞ்சித் தள்ளும், மத்தியானம் இலை தொங்குறது சகஜம்தான், சாயங்காலம் நிமிந்துடும். எனக்கு காலைல ஆறு மணிக்கே இலை தொங்கிட்டு இருந்துச்சு. ராத்திரி முழுக்க வெயில் இல்லாம இருந்தும் மரத்தால இலைய நிமித்த முடியலன்னா வேருக்கு தண்ணி கெடைக்கலன்னு அர்த்தம். வேர் அழுகினாலும் இப்படி ஆகும், அதான் குழப்பமே. ரெண்டுக்கும் மேல தெரியுற அறிகுறி ஒண்ணுதான்.

இந்த எடத்துல அம்மா வந்தாங்க. மாடில தண்ணி வழிஞ்சு ஓடுறத தொடைக்கிறது அவங்க வேலையாப் போச்சு, அந்தக் கடுப்புல கேட்டாங்க.

"ஏன்டா, ஊத்துன உடனே கீழ வந்துருதே, இந்த மண்ணு தண்ணிய குடிக்குதா இல்லையா?"

"தொட்டி ஃபுல் ஆயிருச்சும்மா, அதான் வழியுது."

"ஃபுல் ஆனா அஞ்சு நிமிஷம் கழிச்சில்ல வரும், நீ செம்பைக் கீழ வைக்கிறதுக்குள்ள வந்துருது."

நான் அதுக்கு ஏதோ மழுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு, இன்னொரு கும்பல் விழுந்தப்புறம், அதே வார்த்தை மண்டைல அடிச்சுது. நீளமான மூங்கில் குச்சி ஒண்ணை எடுத்து தொட்டி ஓரத்துல குத்தினேன், ஈரமா வந்துச்சு. நடுவுல, தண்டுகிட்ட குத்தினேன், இறங்கவே மாட்டேங்குது, அழுத்தித் திருகி ஒரு அடி உள்ள எறக்கி வெளிய இழுத்தா குச்சி முழுக்க காஞ்ச தூள். பிஸ்கட் தூள் மாதிரி.

எடை மெஷின்

இதுக்கப்புறம் சும்மா யூகம் வேண்டாம்னு குளியலறைல இருந்த எடை மெஷினை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் மேல ஒரு பலகை போட்டு, தம்பியையும் கூப்பிட்டு ரெண்டு பேருமா தொட்டிய ஏத்தினோம். 21.4 கிலோ. அளந்து 6 லிட்டர் தண்ணி ஊத்தினேன், வழக்கமா ஊத்துற வேகத்துலயே. கீழ வந்ததைப் புடிச்சு அளந்தேன், 5.2 லிட்டர். மறுபடி எடை 22.2. அதாவது ஆறு லிட்டர் ஊத்தி தொட்டில தங்குனது 800 மில்லி. 

என்ன நடந்திருக்குன்னா, ரெண்டு வருஷத்துல நார்க்கழிவும் உரமும் மக்கி கலவை சுருங்கியிருக்கு, அதுக்கு மேல வேர் நெருக்கி அடைச்சு கட்டியாயிருக்கு, வெயில்ல ஒருதடவை நல்லா காஞ்சதும் அந்தக் கட்டி தொட்டி சுவரை விட்டு ஒரு நகக்கண் அளவு விலகியிருக்கு. ஊத்துற தண்ணி நடுவுல எறங்காம அந்த இடுக்கு வழியா சுவரோட வழுக்கிட்டு தட்டுக்குப் போயிடுது. மேல மூடாக்கு போட்டிருந்ததால மேல்மண் ஈரம், ஓரம் ஈரம், தட்டு ஈரம். விரலும் தட்டும் ரெண்டும் சேந்து பொய் சொல்லியிருக்கு. இதுல நான் தண்ணி ஜாஸ்தின்னு வேற குறைச்சிருக்கேன்.

உடனே ஒரு பெரிய டப்புல தண்ணி புடிச்சு தொட்டியோட எறக்கினோம். குபுகுபுன்னு குமிழி. பத்து நிமிஷம்னு நினைச்சேன், ஒண்ணே முக்கால் மணி நேரம் குமிழி வந்துட்டே இருந்துச்சு. குமிழி நின்னப்புறம் வெளிய எடுத்து சொட்டு நிக்கிற வரைக்கும் வடியவிட்டு எடை போட்டோம், 31 கிலோ. கிட்டத்தட்ட பத்து லிட்டர் தண்ணி இடம் காலியா இருந்திருக்கு, மரம் அத்தனை நாளும் ஓரத்து வேர்ல கெடைச்ச ஈரத்துல உசுரு புடிச்சுட்டு இருந்திருக்கு. மறுநாள் காலைல ஆறு மணிக்கு போய்ப் பாத்தேன், இலையெல்லாம் நிமிந்து நின்னுச்சு.

இலை நிமிந்ததை வச்சு மட்டும் கேஸை மூட முடியாது. பிஞ்சு உதிர்றதுக்கும் இதுதான் காரணமான்னு பாக்கணும்ல. அந்த சீசன் முடியுறதுக்குள்ள புதுசா 11 பிஞ்சு வந்துச்சு, அதுக்கு நீல நூல் கட்டினேன். உரம் மாத்தல, இடம் மாத்தல, தண்ணி குடுக்குற முறை மட்டும் மாத்தினேன்: எடை 27க்கு வந்தா டப்புல எறக்குறது, மத்த நாள்ல மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா மூணு தவணையா ஊத்துறது. அஞ்சு வாரத்துல உதிர்ந்தது ஒண்ணே ஒண்ணு. 6 பழுத்துச்சு, மிச்ச நாலு குளிர் வந்ததால பச்சையாவே நின்னுபோச்சு. வெயிலும் அதுக்குள்ள கொஞ்சம் தணிஞ்சிருந்துச்சு, அந்தப் புண்ணியம் எவ்வளவு, டப்போட புண்ணியம் எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ல முடியாது, இருந்தாலும் 46ல 43க்கும் 11ல 1க்கும் இருக்குற வித்தியாசம் எனக்குப் போதும்.

வேர் கவாத்து

டப்புல எறக்குறது முதலுதவிதான், காலம் பூரா 30 கிலோவைத் தூக்க முடியாது, தம்பியும் அதை தெளிவாவே சொல்லிட்டான். இலை உதிர்ந்து மரம் தூங்குற நேரம் பாத்து தொட்டிய படுக்கவச்சு மரத்தை இழுத்தோம். தொட்டி அச்சு அப்படியே வந்துச்சு, வெளிப்பக்கம் பூரா கயிறு திரிச்ச மாதிரி வேர் சுத்திச் சுத்தி ஓடியிருக்கு, அடில ஒரு பாய் பின்னியிருக்கு. பழைய ரம்பத்தால சுத்தியும் நாலு விரக்கடை, அடில மூணுல ஒரு பங்கு அறுத்து எடுத்தேன். கை நடுங்குச்சு, ஆனா அத்தி இதுக்கெல்லாம் அசராது, வேர் அடக்கி வச்சா இன்னும் நல்லாக்கூட காய்க்கும். நடுக்கட்டிய குச்சியால குத்தி உடைச்சேன், உள்ள அந்தக் காஞ்ச தூள் இன்னும் அங்கங்க இருந்துச்சு. வேர்ல மணி கோத்த மாதிரி முடிச்சு இருக்கான்னு தேடினேன், இருந்தா நூற்புழு, அத்தியோட பரம எதிரி அது, குறிப்பா மணல் பாங்கான மண்ல. நல்லவேளை இல்ல.

புதுக் கலவைல மண்ணு கொஞ்சம், நல்லா மக்குன உரம் கொஞ்சம், பாதிக்குப் பாதி கரகரப்பான மணலும் பெர்லைட்டும் உடைச்ச செங்கல் சல்லியும், இது எதுவும் சுருங்காது. நார்க்கழிவு ஒரு கைப்பிடிதான். வேரை எவ்ளோ குறைச்சேனோ அதுக்கு ஏத்த மாதிரி மேல கிளையையும் குறைச்சேன், போன வருஷக் கிளைல வர வேண்டிய முதல் காய்ப்பு அதோட போச்சு, தெரிஞ்சேதான் வெட்டினேன்.

வெட்டும்போது ஒரு முட்டாள்தனம் பண்ணேன், அதையும் சொல்லிடுறேன். கையுறை போடல. வெட்டுன எடத்துல வெள்ளையா பால் வடியும், முழங்கை வரைக்கும் பட்டுச்சு, தண்ணில லேசா அலசிட்டு வெயில்லயே நின்னு வேலைய முடிச்சேன். அன்னிக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள் ராத்திரி சிவந்துச்சு, அதுக்கு அடுத்தநாள் பால் ஓடுன கோட்டுலயே கொப்புளம். அத்திப் பால்ல சோராலென்னு ஒரு வகைப் பொருள் இருக்கு, அது தோல்ல பட்டு மேல வெயில் பட்டா சூடு வச்ச மாதிரி புண்ணாகும், அலர்ஜி இருக்கணும்னு அவசியமே இல்ல, யாருக்கு வேணா வரும். கொப்புளம் ஆறிடுச்சு, பழுப்புக் கோடு மறைய நாலஞ்சு மாசமாச்சு. முழுக்கை சட்டை, கையுறை, வேலைய சாயங்காலம் வச்சுக்குறது, பட்டா உடனே சோப்பு. குழந்தைங்கள பக்கத்துல விடாதீங்க.

நாலாவது வருஷம்

துளிர் வர வழக்கத்தைவிட மூணு வாரம் லேட், செத்துப்போச்சோன்னு பட்டைய நகத்தால சுரண்டி சுரண்டிப் பாத்தேன், பச்சையாத்தான் இருந்துச்சு. அப்புறம் வந்தது பாருங்க. நூல் கட்டினது 58.

நடுவுல மழை நாள்ல துரு நோய் வந்துச்சு, இலை அடில செம்பழுப்பு பொடி, மேல மஞ்சள் புள்ளி. விழுந்த இலையெல்லாம் பொறுக்கி அப்புறப்படுத்தினேன், சாயங்காலம் இலை நனையுற மாதிரி தண்ணி ஊத்துறத நிறுத்தினேன், உள்ள நெருக்கமா இருந்த ரெண்டு கிளைய எடுத்தேன். கொஞ்சம் இலை போச்சு, காய் போகல.

ரொம்ப சோதிச்சது பொறுமையத்தான். அத்திக்காய் மூணு கட்டமா வளரும், முதல்ல வேகமா ஒரு சைஸுக்கு வரும், அப்புறம் அப்படியே கல்லு மாதிரி நின்னுடும், ஒரு மாசம் அதுக்கு மேலயும் ஒரு மாத்தமும் தெரியாது, திடீர்னு ஒரு வாரத்துல ஊதிப் பெருத்து நெறம் மாறி பழுத்துடும். அந்த நடுக்கட்டத்துல ஏதோ கோளாறுன்னு நினைச்சு உரம் போடுறவங்க, தண்ணிய மாத்துறவங்க நெறைய, நானும் கை வைக்கப் போனவன்தான், நோட்டைப் பாத்து அடங்கினேன். காயோட கண்ணுல ஒரு சொட்டு எண்ணெய் வச்சா சீக்கிரம் பழுக்கும்னு பழைய முறை ஒண்ணு உண்டு. நாலு காய்ல வச்சுப் பாத்தேன், நடுக்கட்டம் முடியுற சமயத்துல வச்சதுதான் பக்கத்துக் காயைவிட ஒரு வாரம் முந்துச்சு, அவசரப்பட்டு ரொம்ப பிஞ்சுல வச்சது ரெண்டும் வீணாப்போய் விழுந்துருச்சு.

பழுக்குற கடைசி வாரத்துல தண்ணி சீரா இருக்கணும், காயவிட்டு திடீர்னு நிறைய ஊத்தினா தோல் வெடிக்கும், வெடிச்ச பழம் புளிச்சு கண்ணு வழியா வடிய ஆரம்பிக்கும், எறும்பு மோப்பம் புடிச்சு வந்துடும். அப்புறம் பறிக்குற நேரம். நெறம் மாறிடுச்சேன்னு அவசரத்துல 3 பறிச்சேன், ரப்பர். காம்புல பால் வந்துச்சுன்னா அது பழமே இல்ல, வீட்டுக்குள்ள எத்தனை நாள் வச்சாலும் கொஞ்சம் மெத்துன்னு ஆகுமே தவிர இனிப்பு ஏறாது. பழுத்த அத்தி தானாவே கழுத்து மடிஞ்சு தொங்கும், தோல்ல மெல்லிசா வெள்ளைக் கீறல் விழும், லேசா தூக்கினாலே கையோட வந்துடும், காம்புல பால் இருக்காது. முதல் தடவை அப்படி ஒண்ணைப் பறிச்சு ரெண்டா பிட்டு அம்மாகிட்ட பாதிய நீட்டினேன், சாப்பிட்டுட்டு "தேன்ல ஊறவச்சியாடா?"ன்னு கேட்டாங்க, நான் மூணு வருஷ தண்ணிக்கணக்கை சொல்ல ஆரம்பிக்கவும் எழுந்து போயிட்டாங்க.

58ல உதிர்ந்தது 9 (எண்ணெய் வச்சு நான் கெடுத்த ரெண்டும் இதுல சேத்தி), அவசரத்துல பறிச்சது 3, பறவைங்க கொத்துனது 5, மிச்சம் 41 நாங்க சாப்பிட்டோம். பறவைக்கு அப்புறம் சின்ன வலைப்பை மாட்டினேன், பழுக்க ஆரம்பிக்குறப்ப மாட்டினா போதும்.

தண்ணி இப்ப எப்படின்னா, புதுக் கலவையோட தொட்டி நல்லா நனைஞ்சு வடிஞ்சா 34 கிலோ, 29க்கு வந்தா ஊத்துறேன், ஒரே மூச்சுல ஊத்தாம மூணு தவணை, தவணைக்கு நடுவுல பத்து நிமிஷம். வெயில்ல காத்தடிக்கிற நாள்ல மூணு கிலோ வரைக்கும் ஒரே நாள்ல எறங்குது. தினமும் எடை போடுறதில்ல, தொட்டி விளிம்பைப் புடிச்சு லேசா சாய்ச்சுப் பாத்தா கைக்கே தெரிஞ்சுடுது, சந்தேகம் வந்தா மூங்கில் குச்சி, நடுவுல. வேர் மறுபடி அடையுறதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும், அப்ப திரும்ப ரம்பம் எடுக்கணும்.

கவாத்துல வெட்டுன கிளைல பென்சில் தடிமன் பாத்து ஒரு ஜாண் நீளத்துக்கு நாலு போத்து எடுத்து வச்சிருந்தேன், ரெண்டு வேர் விட்டுச்சு. ஒண்ணை தம்பி எடுத்துட்டுப் போனான், தூக்குன கூலியாம். என்ன வகைன்னு இன்னிக்கு வரைக்கும் சத்தியமா தெரியாது, அதனால லேபிள்ல இப்படித்தான் எழுதிக் கட்டிவிட்டேன்: "பேர் தெரியாது. குளவி வேண்டாம். தட்டைப் பாத்து ஏமாறாதே."